இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்

பாட்டில் 'ச' வரும் இடங்களில் மட்டும் ஏதோ கிழிந்தது. புது ஸ்பீக்கர் இரண்டையும் கூடத்துச் சுவரோரம் நிறுத்தி, எதிரே நடுவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிச் சாய்ந்தவனின் காதுக்குள் பாடகியின் குரல் தகரத்தை ஆணியால் கீறுவது போல இறங்கியது; மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பல் கூசி, நெற்றிப்பொட்டு தெறித்து, பெட்டியிலிருந்து வந்த மரப்பசை வாடைகூடக் குமட்டியது.

இதே ஸ்பீக்கர்தான் சகலை வீட்டில் தேனாய் ஒழுகுகிறது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனுஷருக்கு மட்டும் எப்படி எல்லாமே அமைந்துவிடுகிறது? மெத்தென்ற குரல். அவர் வாயைத் திறந்தால் போதும், இவன் மனைவி கைவேலையை அப்படியே விட்டுவிட்டுக் கேட்பாள். போன ஞாயிறு அவர்கள் வீட்டில் பாட்டு ஓடியபோது அவள் கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்தான். வீட்டிலும் அவள் கண் கலங்கியிருக்கிறாள்தான். அதற்குப் பாட்டு காரணமில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். இரண்டு நாள் கழித்து, மாலை வேலை முடிந்து வந்ததும் கேட்டான்.

"ஸ்பீக்கர் கடைக்காரர் வந்தாரா?"

"காலையிலேயே வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பெட்டியில ஒரு குறையும் இல்லையாம்." மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்க இல்லாதப்ப நல்லாத்தாங்க பாடுது."

"நான் இல்லாதப்பவா?"

"ஆமாப்பா, பகல்ல சூப்பரா இருக்கும்," என்றாள் பள்ளி விடுமுறையில் இருந்த ஏழு வயது மகள். "நானும் அம்மாவும் உக்காந்து கேப்போம். அப்புறம்..."

"அப்புறம் யாரு?"

மகள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். 

அவன் போய் உட்கார்ந்தான். பிரம்பு சூடாக இருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்த யாரோ அப்போதுதான் எழுந்துபோன சூடு.

மறுநாளும் அதே சூடு. அதற்கு மறுநாள் நாற்காலி ஸ்பீக்கர்களுக்கு ஒரு சாண் நெருக்கத்தில் நகர்ந்திருந்தது. சாய்மானத்தில் தலை பட்ட இடம் ஈரமாயிருந்தது.  கடையில் வில்லை தேய்க்கும்போதெல்லாம் சகலையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பகலில் வருகிறார். என் நாற்காலியில் உட்காருகிறார். என் வீட்டுப் பாட்டை அவர் கேட்கிறார். இரண்டு வில்லைகள் விளிம்பு உடைந்து வீணாயின.

நாலாம் நாள் மதியம், தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. வாசல்படியில் கால் வைத்தபோதே கேட்டது. அதே பாடகி. அதே பாட்டு. கீறல் இல்லை, கிழிசல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் போல அது கதவிடுக்கில் வழிந்து அவன் நெஞ்சை நனைத்தது. தன் கண்ணே கலங்குவதை உணர்ந்து அவன் கதவில் கையை வைத்தபடி நின்றுவிட்டான்.

பாட்டு தணிந்தது. உள்ளே ஓர் ஆண் ஏதோ சொன்னான். மனைவி சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

சகலைக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க சகலை."

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல எல்லாரும் நல்லா..."

போனில் சகலை பேசிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அந்த ஆணும் பேசிக்கொண்டிருந்தான்.

அவன் போனை அணைத்தான். காதைக் கதவில் வைத்தான்.

தெரிந்த குரல். மிகவும் தெரிந்த குரல்.

அவனுடைய குரல். பிசிறெல்லாம் வழித்தெடுத்த, மெத்தென்ற அவன் குரல்.

பக்கவாட்டுச் சந்தில் ஓடினான். கூடத்து ஜன்னல். திரை பாதி விலகியிருந்தது.

நாற்காலியில் ஒரு முதுகு. அவனுடைய நீலச் சட்டை. மடியில் மகள். முழங்காலில் தலை சாய்த்து, தரையில் மனைவி.

கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். "கதவைத் திற!"

மகள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். வீறிட்டு அந்த நெஞ்சில் முகம் புதைத்தாள்.

"ஐயோ, யாருங்க அது?" என்றாள் மனைவி. அவனிடம் கேட்கவில்லை.

நாற்காலி கிரீச்சிட்டது. அது எழுந்தது. திரும்பியது.

முகம் இல்லை. ஸ்பீக்கரின் முகப்பில் இருப்பது போன்ற கறுப்புத் துணி, காதிலிருந்து காது வரை விறைப்பாக. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி புடைத்தது. உள்ளே போனது. புடைத்தது.

"பயப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்."

தேன் போன்ற குரல்.

ஜன்னலருகே வந்தது. ஒரு கை மகளை இடுப்பில் அணைத்திருந்தது. மறுகை திரையைப் பற்றியது. அந்தக் கையின் விரல்களுக்குள், இறுகப் பின்னியபடி, அவன் மனைவியின் விரல்கள். இரண்டு கைகளும் சேர்ந்து திரையை மெல்ல இழுத்து மூடின.