கயிற்றுப் பாலத்தில் ஒரு குட்டி

"அப்பா, மெதுவாப் பேசுங்கப்பா! காடே நம்மளத் திரும்பிப் பார்க்குது," என்றாள் சுண்டு.

"மெதுவாத்தானம்மா பேசுறேன்," என்றார் அப்பா. பக்கத்து மரத்திலிருந்து இரண்டு பறவைகள் விருட்டென்று பறந்து போயின.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் ரகசியம் சொன்னால்கூட நாலு கடை தள்ளிக் கேட்கும். சுண்டுவுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அந்தச் செல்லப்பெயர். இருவரும் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு மழைக்காட்டுச் சரணாலயத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். காலையிலிருந்து நடந்து சுண்டு பார்த்த ஒரே உயிரினம், அப்பாவின் காலில் ஏறிய அட்டைதான்.

காட்டுக்கு நடுவே ஒரு சாலை வந்தது. அதற்கு மேலே, இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்கு ஒரு கயிற்றுப் பாலம் தொங்கியது.

"இது குரங்குகளுக்காகக் கட்டினது," என்றார் கூட்டத்தை அழைத்து வந்த வனக்காவலர் அக்கா. "கீழே இறங்கினா வண்டியில அடிபட்டுடும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இலைகள் சலசலத்தன. கரிய குரங்குகள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஓடின.

"ஏய், அங்க பாரு!" கூட்டம் கூச்சலிட்டது. ஒருவர் விசிலடித்தார்.

எல்லாக் குரங்குகளும் போய்விட்டன. ஒரு குட்டி மட்டும் பின்தங்கிவிட்டது. அது கயிற்றில் கை வைத்தது. "ஓ!" என்றது கூட்டம். குட்டி வெடுக்கென்று பின்வாங்கியது. அந்தப் பக்கத்து மரத்திலிருந்து தாய் கூவிக் கூவி அழைத்தது. குட்டி மறுபடி கை வைத்தது. மறுபடியும் "ஓ!"

குட்டி பாலத்தை விட்டுவிட்டு, மரத்திலிருந்து சாலையை நோக்கி இறங்கத் தொடங்கியது.

வளைவுக்கு அப்பால் ஒரு பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. "ஐயோ!" என்று வண்டியை நிறுத்த ஓடினார் அக்கா.

"நம்ம சத்தத்துக்குத்தான்ப்பா அது பயப்படுது," என்றாள் சுண்டு.

"அப்படியா?" அப்பா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். சுண்டு எம்பிக் குதித்து அவர் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்கன்னு நீங்களே கத்தினா எப்படிப்பா?"

அவள் எல்லாருக்கும் முன்னால் போய், ஈரமண்ணிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். உதட்டில் விரலை வைத்தாள். 'உட்காருங்க' என்று கையால் காட்டினாள். அப்பா உட்கார்ந்தார். குடை பிடித்திருந்த அம்மாள் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஒருவரைத் தவிர.

"தள்ளிக்கோ பாப்பா, படம் எடுக்கணும்," என்றார் பெரிய கேமரா வைத்திருந்தவர்.

சுண்டு எழுந்து போய்க் கிசுகிசுத்தாள். "அது அழுதுட்டு இருக்கு மாமா. அம்மாகிட்ட போகட்டுமே."

அவர் கேமராவின் திரையைப் பார்த்தார். குட்டியின் வாய் கோணியிருந்தது. கேமராவை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

காடு அமைதியானது. சில்வண்டுகளின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

பாதி மரத்தில் இருந்த குட்டி கீழே பார்த்தது. மேலே பார்த்தது. கிடுகிடுவென்று ஏறிப் பாலத்தில் கால் வைத்தது. நடுவழியில் காற்றடித்துப் பாலம் ஆடியது. அப்பா பதறிப்போய், கைக்குட்டையைத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

தாய் பாய்ந்து வந்து கை நீட்டியது. ஒரே தாவல்! குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

கைதட்டப் போன கூட்டத்தைப் பார்த்துச் சுண்டு அவசரமாக இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டிக் காட்டினாள். எல்லாரும் அப்படியே ஆட்டினார்கள்.

பேருந்தை வளைவிலேயே நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்த வனக்காவலர் அக்கா திகைத்து நின்றார். ஒரு கூட்டமே சேற்றில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது!

"யாரு இவங்களை உக்கார வெச்சது?" என்று மெல்லக் கேட்டார்.

அத்தனை விரல்களும் சுண்டுவைக் காட்டின.

காட்டைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும், கேமராக்காரர் சுண்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டார். "தலைவி, இப்போ கத்தலாமா?"

"ம்!"

அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஆரவாரம் வானத்தைத் தொட்டது. அதில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் சுண்டுதான்.