இடக்கை முடிச்சு

குமாரவேல் அன்றைக்கும் டீயைத் தொடவில்லை.

தேசம்மா டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். அவனுக்குப் பிடிக்குமே என்று இஞ்சியைத் தட்டிப் போட்டிருந்தாள். அவனோ அவளைத் தாண்டிப் போய்ச் சட்டையை மாட்டினான்.

"டீ ஆறுதுய்யா..."

அவன் மகள் பக்கம் திரும்பினான். "கீர்த்தி, நான் வெளிய குடிச்சிக்கிறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. தொறமுகத்துக்காரனுக்குக் கையாள் வேல செய்யறவ போட்ட டீ எனக்கு வாணாம்!"

ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பெண்டாட்டிக்கு மகள் மூலமாகத் தூது! கல்லூரியில் படிக்கிற கீர்த்தி அந்தத் தூதைச் சொல்லக்கூட இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அப்பாவின் பின்னால் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று திருவொற்றியூர்க் குப்பம் முழுக்கத் தெருவில் நின்றது. கரையை வளைத்து நிலக்கரி இறக்கும் முனையம் கட்டப் போகிறார்களாம். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அன்று காலையில்தான். வேண்டாம் என்று சொல்ல மீன்பிடிக் குடும்பங்கள் எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தன. வேண்டும் என்று சொல்ல வைப்பதற்காகத் துறைமுகத்து ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பேருந்து பேருந்தாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேருந்து ஒன்றில் குமாரவேலின் தம்பி மணியும் இருந்தான். கிரேன் ஓட்டுகிறவன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் ஆளுக்கொரு கொடி!

அடுக்களைக் கதவோரம் மணியின் மனைவி வினிதா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... என்னால முடியலக்கா. இன்னிக்கு மாமாகிட்ட நான் சொல்லிடுறேன்..."

"வாய மூடு வினிதா! நீ சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? இந்த வூடு ரெண்டாப் பூடும். என் பேரு ஏற்கெனவே கெட்டாச்சி, அது கெடக்கட்டும். மூஞ்சியக் கயுவு."

பெயர் கெட்டது ஊருக்குள் மட்டும் என்றால் தாங்கிக்கொள்வாள். வீட்டுக்குள்ளும் அல்லவா கெட்டுவிட்டது!

எல்லாம் ஒரு பொம்மையால் வந்தது.

'ஊசி நூல் தோஸ்துங்க' என்று பேஸ்புக்கில் ஒரு குரூப். தேசம்மாவும் வினிதாவும் விளையாட்டாக ஆரம்பித்தது. கொக்கி முனை வைத்த குரோஷா ஊசியால் உல்லன் நூலில் தொப்பி, பை, பொம்மை என்று போட்டுப் படம் பிடித்து ஏற்றுவார்கள். அம்பத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைத் தொப்பிக்கு மஞ்சளா பச்சையா என்பதுதான் அங்கே நடந்த பெரிய சண்டை. நடத்துகிறவர்கள் இந்த இரண்டு ஓரகத்திகளும்தான். யாரையும் சேர்க்கவும் நீக்கவும் இருவர் கைபேசியிலும் முடியும்.

ராயபுரத்தில் வலை நூலும் உல்லன் நூலும் விற்கிற மகிமா, தேசம்மாவின் உயிர்த்தோழி. அவள் ஒரு நாள் ஆமை பொம்மை ஒன்றைப் போட்டாள். கறுப்பு நூலில், மல்லாந்து கிடக்கிற செத்த ஆமை. 'எங்க கடல்ல கரி கொட்டாதீங்க' என்று கீழே எழுதியிருந்தாள்.

அவ்வளவுதான். பாதிப் பேர் இதயம் போட்டார்கள். மீதிப் பேர், 'பொம்மை போடற எடத்துல அரசியல் எதுக்கு?' என்று பாய்ந்தார்கள். 'என் புருசன் போர்ட்டுல வேல செய்றான், அவன் சோத்துல மண்ணப் போடுவியா?' என்றாள் ஒருத்தி. 'எம் புருசன் துன்றது மட்டும் சோறில்லியா?' என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி குழந்தைக்கு இன்னொருத்தி சட்டை பின்னி அனுப்பியவர்கள்... அன்று கட்சி, சாதி, ஊர் எல்லாம் நூலுண்டைக்குள்ளிருந்து வெளியே உருண்டன. பொறுக்காமல் தேசம்மா, 'சண்ட போடாதீங்க, இது கைவேல எடம்' என்று ஒரு வரி எழுதினாள். அதுவே அவள் கழுத்துக்குக் கயிறாயிற்று.

மதியத்துக்குள் ஆமையைக் காணவில்லை! மகிமாவையும், குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரையும் யாரோ குரூப்பிலிருந்தே நீக்கியிருந்தார்கள்.

நீக்கியவன் மணி. மேற்பார்வையாளன் அவனைக் கூப்பிட்டுக் கைபேசியைக் காட்டியிருக்கிறான். "உன் பொண்டாட்டி நடத்துற குரூப்தானே? சாயங்காலத்துக்குள்ள இது போவல, உன் கேட் பாஸ் போவும்." மணி சோற்று நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து, வினிதாவின் கைபேசியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

வேலை போனால் கடலுக்குப் போகலாமே என்று யாரும் சொல்லிவிடலாம். ஒரு முறை படகு கவிழ்ந்தபோது குமாரவேல்தான் தம்பியின் தலைமயிரைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தான். அதன்பிறகு மணியால் படகில் கால் வைக்க முடியவில்லை. அலையைப் பார்த்தாலே பயந்து பின்வாங்கிவிடுவான். 'சொகுசு தேடிக் கிரேனுக்குப் பூட்டான்' என்று அண்ணன் ஏசுவான். தம்பி வாயைத் திறக்கமாட்டான். அண்ணிக்கு மட்டும் அந்தப் பயம் தெரியும்.

ஆமை காணாமல்போன அன்று மாலை குமாரவேல் வாசலில் நின்று கத்தினான். அவன் பின்னால் பாதிக் குப்பம் நின்றது.

"யாருடி அத்த எடுத்தது? நம்ம சனத்தயே வெளிய தள்ளினது யாரு?"

வினிதாவின் முகம் வெளுத்தது. மணி சுவரோடு ஒட்டி நின்றான். உண்மை தெரிந்தால் தம்பியை அந்த நிமிடமே வீட்டை விட்டுத் துரத்திவிடுவான் குமாரவேல். அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவள் சோறு ஊட்டி வளர்த்த கொழுந்தன்...

"நான்தான்," என்றாள் தேசம்மா.

'கைவேல எடம்' என்று அவள் எழுதிய வரியை வைத்து எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். அன்றோடு குமாரவேல் அவளிடம் பேச்சை நிறுத்தினான். மீன் கூடையோடு சந்தையில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

நீக்கப்பட்டவர்களைச் சேர்த்து மகிமா தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தாள். ஆளுக்குச் சில நீலச் சதுரங்கள் பின்னித் தரவேண்டும்; அத்தனையையும் இணைத்து ஒரே பெரிய கடல் போர்வையாக்கிக் கூட்டத்தின் எதிரில் பிடிக்கவேண்டும். செய்தி காதில் விழுந்ததும் தேசம்மாவுக்குக் கை பரபரத்தது. நீல நூல் வாங்கலாம் என்று கடைக்கே போனாள்.

"உனக்கு நூல் கெடையாது," என்றாள் மகிமா, கல்லாவிலிருந்து எழாமலே. "கறுப்புக் கொடி பின்றதுக்குன்னாலும் கெடையாது. எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்தே?"

"மகிமா... நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போ தேசு! எத்தன வருசம் இந்த ஸ்டூல்ல ஒக்காந்து டீ குடிச்சிருப்பே? போ, என் வாயக் கெளறாத!"

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள் தேசம்மா. கீர்த்தியின் கல்யாணத்துக்கென்று பின்னி வைத்திருந்த போர்வை, மயில்கழுத்து நீலம், அடியில் இருந்தது. நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாக அவிழ்ந்தது. பெற்ற மகளின் சீரைத் தன் கையாலேயே பிரிக்கிற நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது! பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதை நனைத்து, அடியில் கல் கட்டி, மாடியில் காயப்போட்டாள். பின்னும்போது அடிக்கடி அறுந்தது. அறுந்த இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டாள்.

குரோஷா போடுகிறவர்கள் நூல்முனையை ஊசியால் உள்ளே செருகி மறைப்பார்கள். முடிச்சுப் போடுவது குறை. ஆனால் தேசம்மாவின் கை முதலில் பழகியது வலையில். 'அக்கா, இது பொம்மக்கா, வலையில்ல' என்று வினிதா எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். அந்த முடிச்சும் ஊரார் போடுகிற மாதிரி இருக்காது. குமாரவேலின் வலது ஆள்காட்டி விரலைக் கயிறு இழுக்கும் இயந்திரம் தின்றுவிட்டதால், அவன் எல்லா முடிச்சையும் இடது கையால் திருப்பிப் போடுவான். கல்யாணமான புதிதில் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள் அவள்.

வீட்டில் யாருமில்லாத மதியங்களில் பின்னினாள். மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிற வழியில், சதுரங்கள் போடுவதற்காக மகிமா கடைவாசலில் கட்டியிருந்த கோணிப்பையில் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வந்தாள்.

அந்தக் கடல் போர்வையைத்தான் பார்க்க வந்திருந்தாள் இப்போது. கூட்டம் நடக்கிற மைதானத்துக்கு எதிரே, மூடிய கடையொன்றின் படியில், காலிக் கூடையோடு நின்றாள். வினிதாவும் பிடிவாதமாகக் கூடவே வந்திருந்தாள்.

மூங்கில்களில் கட்டிய நீலப் போர்வை தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. ஒரு முனையைக் கீர்த்தி பிடித்திருந்தாள், இன்னொரு முனையைக் குமாரவேல். முன்னால் மகிமா. கடல் காற்று ஒரு வீச்சு வீச, மூங்கில் முனையில் சிக்கி ஓரம் கிழிந்தது. கிழிந்ததைக் கண்டால் வலைக்காரன் கை சும்மா இருக்குமா? குமாரவேல் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடப் போனான்.

விரல் ஒரு முடிச்சில் நின்றது. அடுத்த சதுரத்தைத் திருப்பினான். அதிலும் அதே முடிச்சு. அதற்கடுத்ததிலும்!

"மகிமா... இத்தலாம் யாரு போட்டது?"

"தெர்லண்ணே. யாரோ வெள்ளன வந்து கோணியில போட்டுட்டுப் போறாங்க. முடிச்சு முடிச்சா கீதேன்னு நான்கூடத் திட்டுனேன்..."

கீர்த்தி குனிந்து பார்த்தாள். "நைனா... இது என் போர்வ! அம்மா எனக்குப் போட்ட போர்வ நூலு!"

குமாரவேல் நிமிர்ந்தான். எதிர்ப்படியில் நின்றவளின் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. தேசம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

"தேசு! நில்லுமே!"

அத்தனை நாளுக்குப் பிறகு அவளை நேராகக் கூப்பிட்ட குரல். கால் தானாக நின்றுவிட்டது.

"இது நீ போட்ட முடிச்சுதானே? படத்த அழிச்சவளும் நீ, இத்தப் பின்னவளும் நீயா? இன்னா நாடகம் இது?"

"நாடகம்தான்யா, வுடு. கூட்டத்துக்கு நேரமாவுது, போ."

"இல்ல மாமா... அக்கா இல்ல..." வினிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குள் எதிர்வரிசையில் நின்ற துறைமுகத் தொழிலாளர்களிடமிருந்து ஒருவன் தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்தான். தலையில் கம்பெனித் தொப்பி, கழுத்தில் கேட் பாஸ். மணி!

"அண்ணே, அத்த அழிச்சது நான்."

போர்வையைப் பிடித்திருந்தவர்கள் மூங்கிலைத் தரையில் ஊன்றினார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள எடுக்கலேன்னா வேல பூடும்னாங்க. வினிதா போனப் புடுங்கி நான்தான் அழிச்சேன். நீ என்னத் தொரத்திடுவேன்னு அண்ணி பழியத் தூக்கிகினாங்க. நான் செவுரோட நின்னு வேடிக்க பாத்தேண்ணே!" அவன் கம்பெனித் தொப்பியைக் கழற்றினான். "சொகுசுக்குப் போவலண்ணே... கடலப் பாத்தா என் காலு நடுங்குது. கோழன்னு சொல்லு. கோழதான். சூப்பர்வைசர் அதோ பாத்துகினுதான் கீறாரு, பாக்கட்டும்!"

குமாரவேலின் கை ஓங்கியது. தேசம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"அவன் மேல கை வெச்சே, நடக்கறதே வேற! அவன் என் கையால துன்ன புள்ள. பயந்துட்டான், அவ்ளோதான்! அவன அடிக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பதில் சொல்லுய்யா!"

"உனக்கு இன்னா பதிலு...?"

"நான்தான்னு ஒரு வார்த்த சொன்னேன். நீ ஏன்யா நம்புன? ஊரு நம்பட்டும், மகிமா நம்பட்டும்... கூட வாயுறவன், 'நீயா இருக்காதுமே'ன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டியா? நீ கேப்பேன்னு தெனம் டீயப் போட்டு வெச்சிகினு நின்னேனே..."

ஓங்கிய கை கீழே இறங்கியது. துறைமுகத்தையே எதிர்த்து நிற்க வந்தவனுக்கு, அவள் முகத்தை எதிர்த்துப் பார்க்க முடியவில்லை.

மகிமா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பாவி... நூலு கெடையாதுன்னு தொரத்தினேனேடி உன்ன! வந்து இந்த ஓரத்தப் புடி. வாடி!"

கூட்டம் நடந்தது. கூச்சலும் குழப்பமுமாகவே கலைந்தது. என்ன முடிவு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மணியின் கேட் பாஸ் இனிச் செல்லாது என்று மாலைக்குள் செய்தி வந்துவிட்டது.

வீட்டில் வினிதா தன் கைபேசியை நீட்டினாள். தேசம்மா எல்லோரையும் திரும்பச் சேர்த்தாள். மகிமா அனுப்பித் தந்த ஆமைப் படத்தைத் தன் கைபேசியிலிருந்து மறுபடி ஏற்றினாள், தன் பெயரிலேயே. சிறிது நேரத்தில் கைபேசி அதிர ஆரம்பித்தது. இதயங்களும் வந்தன, வசவுகளும் வந்தன. சிலர் விலகிப் போனார்கள்.

"சண்ட திரும்ப ஆரம்பிச்சிட்ச்சிக்கா," என்றாள் வினிதா பயந்துபோய்.

"போடட்டும். யாரையும் வெளிய மட்டும் தள்ளாத."

குமாரவேல் உள்ளே வந்தான். மூலையில் குறுகி உட்கார்ந்திருந்த தம்பியின் மடியில் கிழிந்த வலையொன்றைப் போட்டான். "படகுல ஏற வாணாம். கரையில ஒக்காந்து இத்தப் பின்னு. பேஜாரு ஒண்ணும் இல்ல, அண்ணன் கீறேன்." பிறகு ஜன்னல் பக்கம் போனான். காலையில் வைத்த டம்ளர் அங்கேயே இருந்தது, மேலே ஏடு படிந்து, ஜில்லிட்டுப்போய்.

"அத்தக் குடிக்காதய்யா! வேற போட்டுத் தரேன்."

அவன் கேட்கவில்லை. ஏட்டோடு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயா இருக்காதுமே," என்றான். "அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.