ஒரு ‘னு’ குறைகிறது

“நான்தான் கொன்னேன்...!”

ஹெட்போனுக்குள் ஒரு பெண் அலறினாள்.

எஸ்.ஐ. நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். இது பதினோராவது தடவை!

அலறியவள் ஒரு தையல்காரி. முந்தாநாள் பட்டப்பகலில் அவள் புருஷன் வீட்டுக்குள் மண்டை பிளந்து கிடந்தான். நேற்று நடந்த விசாரணையில் இந்த ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அதோடு சரி. இப்போது பக்கத்து அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தாலும் வாயைத் திறப்பதில்லை.

நாலு மணிக்கு மாஜிஸ்திரேட். பிறகு ஜெயில். எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு அப்பனும் கிடையாது, அம்மாவும் கிடையாது.

எஸ்.ஐ. மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

இரைச்சல்... நாற்காலி இழுபடும் சத்தம்... அதற்கடியில் ஈனஸ்வரத்தில் இன்னொரு குரல்.

‘நான் சொன்னது அது இல்லம்மா...’

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

அந்தக் குரல் டேப்பில் இல்லை. இரண்டு வருடமாக அவள் காதுக்குள்தான் இருக்கிறது.

ஒரு லாரி டிரைவர். செத்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, “பாவி, நானே கொன்னுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வராத எந்த அப்பனும் அப்படித்தான் அழுவான். ஸ்டேஷன் காகிதத்தில் அது ‘எனது மகளை நான் கொலை செய்தேன்’ என்று ஆனது. எழுதியவர் ஸ்டேஷன் ரைட்டர். கேட்டதாக வழக்கம்போலச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் தையல்காரியின் புருஷன்.

அவர்களுக்குக் கீழே எஸ்.ஐ.யும் போட்டாள்! வேலைக்கு வந்து ஆறே நாள். வம்சத்திலேயே முதல் டிகிரி. படிக்கத் தெரிந்தவள், படிக்காமலே போட்டாள்!

அன்று ராத்திரியே டிரைவர் லாக்கப் கம்பியில் தொங்கினான். குழந்தை விஷக்காய்ச்சலில் செத்தது என்று மறுநாள் ரிப்போர்ட் வந்தது.

அவள் எழுந்தாள். நேராக இன்ஸ்பெக்டர் அறை.

“சார், ‘கொன்னேன்’ல முடியல. அதுக்கப்புறம் ஒரு ‘னு’ கேக்குது.”

“என்னம்மா கேக்குது?”

“‘னு’ சார். ‘கொன்னேன்’னா அவ கொன்னா. ‘கொன்னேன்னு’ன்னா வேற எவனோ கொன்னுட்டு அவகிட்ட சொல்லியிருக்கான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தா.”

இன்ஸ்பெக்டர் காது குடைந்துகொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

“நீ தமிழ் டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம்.”

“போயிருந்தா உங்களையே ஃபெயில் பண்ணியிருப்பேன் சார். சரியா அந்த இடத்துல மேஜையைத் தட்டி ‘எழுதுய்யா’ன்னு கத்தினது நீங்கதான். உங்க உள்ளங்கைக்கு அடியில நசுங்கிக் கிடக்குது அந்த ‘னு’!”

அவர் முகம் சிவந்தது. பிறகு மெல்ல வெளுத்தது.

“நாலு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னைக் கேக்காதே.”

வாசலில் ரைட்டர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. முத்து முத்தான கையெழுத்துக்குப் பேர் போனவர்.

“என்ன மேடம், ஏதோ எழுத்து விட்டுப்போச்சுங்கறீங்களாமே? முப்பது வருஷ சர்வீஸ். ஒரு புள்ளி விட்டதில்ல.”

சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. ஒரு புள்ளி விடாதவர்... ஒரு எழுத்தை எப்படி விட்டார்?

விசாரணை அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. எஸ்.ஐ. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரிக்கார்டரை ஓடவிட்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சும்மா இருந்தாள்.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... கேட்டால்தான் பொய் வரும். காத்திருந்தால் உண்மை தானாகக் கனைத்துக்கொண்டு வரும்.

தையல்காரியின் உதடு அசைந்தது.

“அவரு வரலையா?”

“யாருக்கா?”

“எழுதறவரு.”

“இல்லக்கா. இன்னைக்கு நானே எழுதிக்கறேன்.”

தையல்காரி முதல்முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“நீங்க மட்டும்தானே?”

“நான் மட்டும்தான்.”

“வீட்டுக்காரரு ரெண்டு வருஷமா தூங்கல மேடம். அந்த லாரிக்காரன் வந்து கால்மாட்டுல நிக்கறான்னு சொல்லுவாரு. தூங்கணும்னா உண்மையைச் சொல்லணும், கோர்ட்டுக்குப் போயிடறேன்னாரு...”

எஸ்.ஐ.யின் பேனா நின்றுவிட்டது. அப்படியானால் டிரைவர் தன் ஒருத்தியிடம் மட்டும் வரவில்லை!

“நேத்து ‘கொன்னேன்னு’ன்னு ஆரம்பிச்சீங்களே... மிச்சத்தைச் சொல்லுங்கக்கா.”

“வெளிய போயிட்டு வந்தா வீட்டுக்காரரு கிடக்கறாரு. பக்கத்துல நின்னவரு, ‘நான்தான் கொன்னேன்’னு சொன்னாரு. கையில எங்க இஸ்திரிப் பெட்டி. ‘வெளிய சொன்னே, உன் பொண்ணு ஸ்கூல் எதுன்னு எனக்குத் தெரியும்’னு சொல்லிட்டு, பெட்டியைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நேத்து தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்ல வந்தேன் மேடம். நிமிர்ந்து பார்த்தா... எதிரிலயே உக்காந்து எழுதிக்கிட்டிருக்காரு!”

மணி ரெண்டரை.

எஸ்.ஐ. மனதுக்குள் கணக்குப் போட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொல் ஒரு பக்கம். முப்பது வருஷ சர்வீஸ் ஒரு பக்கம். எது எடுபடும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பெட்டி வேண்டும்!

ரைட்டரைக் கூப்பிட்டாள். எதிரே உட்காரவைத்தாள். இன்ஸ்பெக்டரும் வந்து ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார்.

“நான்தான் தப்பா நினைச்சுட்டேன் ரைட்டர் சார். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. ஆயுதத்தைக் கூட எடுத்தாச்சு.”

ரைட்டரின் கை பேனா மூடியில் ஒரு கணம் நின்றது. ஒரே கணம்!

“அப்படியா மேடம்? நல்லதாப் போச்சு. சொல்லுங்க, எழுதிடலாம்.”

அவர் எழுதுகிற வேகம் ஸ்டேஷனில் பிரசித்தம். சொல்கிறவர் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வரியைத் தானாகவே போட்டுவிடுவார். பொருள் கைப்பற்றியதாக எழுதும் எல்லா மகஜருக்கும் ஒரே அச்சுதானே!

அவள் மளமளவென்று ஒப்பித்தாள்.

“எதிரி தானாக முன்வந்து அடையாளம் காட்டியதன் பேரில்... சாட்சிகள் முன்னிலையில்... இஸ்திரிப் பெட்டி ஒன்று கைப்பற்றப்பட்டது. கைப்பற்றிய இடம்...”

செல்போனை எடுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. “ஹலோ... ஹலோ...” என்று திரும்பி நின்றுகொண்டாள்.

பின்னால் பேனா நிற்கவில்லை. சர்... சர்... சர்...

திரும்பினாள். காகிதத்தை உருவினாள். உரக்கப் படித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக!

“‘தெருக்கோடியில் உள்ள பாழடைந்த கிணறு.’ எந்தக் கிணறு ரைட்டர் சார்?”

அவர் வாய் பிளந்தது.

“நீங்கதானே... எடுத்தாச்சுன்னு...”

“எடுத்தாச்சுன்னு சொன்னேன். எங்கேன்னு சொல்லல. எங்க யாருக்குமே தெரியாது!”

இன்ஸ்பெக்டர் ஜன்னலை விட்டு நிமிர்ந்தார். ஜீப் கிளம்பியது. மூன்று நாற்பதுக்குக் கிணற்றிலிருந்து போன் வந்தது. பை. பைக்குள் பெட்டி. பெட்டியின் முனையில் முடி.

ரைட்டர் மேஜையில் கவிழ்ந்தார்.

“அவன் கோர்ட்டுக்குப் போயிருந்தா என் முப்பது வருஷமும் போயிருக்கும் மேடம்... எத்தனை காகிதம்... எத்தனை பேரு...”

“எத்தனை பேரு?”



தையல்காரி வெளியே போனாள். படி இறங்கியதும் ஓடினாள், ஸ்கூல் இருக்கும் திசையில்.

லாரி டிரைவர் போகவில்லை. மின்விசிறிச் சத்தத்துக்குள் இருந்தான். எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வாக்குமூலத்தில் நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்’ என்று மாஜிஸ்திரேட்டுக்கு எழுத ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு பரபரத்தார்.

“சீக்கிரம்! ரைட்டரோட வாக்குமூலத்தை ரெடி பண்ணுங்க! சாட்சிக் கையெழுத்துக்கு யாரும்மா? அதான்... எப்பவும் வந்து போடுவானே, அவனைக் கூப்பிடு!”

எஸ்.ஐ. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அவரைக் கொன்ன கேஸ்தான் சார் இது!”