வாணியின் புகார்

தன்னுடைய நகலி மாற்றல் கேட்டிருக்கிறது என்ற செய்தி கோகிலவாணிக்கு அலுவலக வாசலிலேயே வந்துவிட்டது. கேன்டீனில் காபி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கணவன் வீட்டை விட்டுப் போய்விட்ட பெண்ணைப் பார்ப்பது போன்ற பார்வை.

கோவையின் பம்பு நிறுவனங்களில் இப்போது நகலி இல்லாத வடிவமைப்பாளர் கிடையாது. மனவரைவி என்ற கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு சில வாரம் வேலை செய்தால் போதும். அந்த ஆளின் படிப்பு, பழக்கம், பயம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு நகலி உருவாகிவிடும். அதற்கு உடல் கிடையாது. மேசைமேல் ஒரு திரை, ஆளுடைய அதே குரல், அவ்வளவுதான். ஆள் ஒரு கணக்கைப் போடும்போது நகலி இன்னொன்றைப் போடும். மாலையில் ஒப்படைப்பு நடக்கும். கழுத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும் தொண்டைப்பட்டை, முந்தைய ஒப்படைப்பிலிருந்து ஆள் பேசியதையும் வாய்க்குள் முணுமுணுத்ததையும் நகலிக்குக் கொடுக்கும். நகலி தான் செய்த வேலையை ஆளிடம் ஒப்பிக்கும். குழப்பம் வராமலிருக்கப் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வது தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆள் கோகிலா, நகலி வாணி. பிரிக்க முடியாத சின்னப் பெயர்க்காரர்கள், ஆளுக்குப் பள்ளிப் பெயரையும் நகலிக்கு வீட்டுப் பெயரையும் வைத்துச் சமாளித்தார்கள்.

நகலி நல அலுவலர் பெனடிக்ட், பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக அவளுக்காகக் காத்திருந்தார். நாற்காலி காட்டினார். பிறகு ஒரு பதிவை ஓடவிட்டார்.

"மர மண்டை. இதுகூடத் தெரியாம இத்தன வருசம் என்னத்தக் கிழிச்ச? உனக்கெல்லாம் எவன் டிப்ளமா குடுத்தான்?"

குரல் கோகிலாவுடையது. அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. பெரிதாக ஏதோ செய்துவிட்டோம் என்று பயந்து வந்திருந்தாள்.

"ஏனுங்க, இதுக்கா? நான் என்னையத்தானுங்க வஞ்சுக்கிட்டேன்."

பெனடிக்ட் சிரிக்கவில்லை. அவளுடைய பிரிவில் யாரைக் கேட்டாலும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை என்றுதான் சொல்கிறார்கள் என்றார். நகலியிடம் மட்டும் தினமும் இப்படித்தான். இது முதல் ஒப்படைப்பிலிருந்தே நடக்கிறது.

அவர் விளக்கிய சட்டம் கோகிலாவுக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். நகலிகள் நலச் சட்டம் இரக்கத்தில் பிறந்தது அல்ல. அதைக் கேட்டு வாங்கியவர்கள் முதலாளிகள். திட்டு வாங்கும் நகலி வேலையில் பின்தங்குவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அது தவறை மறைத்தது, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது, புதிதாக எதையும் சொல்லத் துணியவில்லை. நகலி நிறுவனத்தின் சொத்து. கடைசல் இயந்திரத்தை எண்ணெய் போடாமல் ஓட்டினால் கேட்பதைப் போல, நகலியை வைதாலும் கேட்க ஆரம்பித்தார்கள். வேண்டுமானால் வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டு போகும் உரிமையும் நகலிக்குக் கிடைத்தது.

"பனிமேடு வேலை முடியுற வரைக்கும் உங்களுக்குச் சோதனைக் காலம், மேடம். அதுக்குள்ள இன்னொரு தடவை இப்படிப் பேசினா வாணியை மாத்திடுவோம். பனிமேடும் வேற ஆளுக்குப் போயிடும்."

பனிமேடு ஒரு மலையூர். பள்ளத்து ஓடையிலிருந்து ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்பை அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அது ஓடிவிட்டால் தலைமை வடிவமைப்பாளர் பொறுப்பு அவளுக்குத்தான் என்பது நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். வாணி இல்லாமல் பனிமேடு இல்லை. பனிமேடு இல்லாமல் அந்தப் பொறுப்பும் இல்லை.

கிளம்பும்போது பெனடிக்ட் கேட்டார். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் தப்புப் பண்ணினால் என்ன சொல்வீர்கள்?

கோகிலா யோசித்தாள். போன மாதம் சென்னியப்பன், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் அளவை மாற்றிப் போட்டு ஒரு வார்ப்பையே வீணாக்கியிருந்தான். 'போச்சாது, விடு. எங்க மாறுச்சுன்னு பாக்கலாம் வா' என்றுதான் சொன்னாள்.

"அதையே வாணிகிட்ட சொல்லுங்க," என்றார் அவர்.

சொல்வது சுலபமாக இல்லை. சென்னியப்பன் தெரியாமல் செய்தான். வாணிக்கு எல்லாம் தெரியும். கோகிலாவுக்குத் தெரிந்த அத்தனையும் தெரியும். தெரிந்தவள் தப்புச் செய்தால் வைய வேண்டாமா? தன்னைத் தானே வைதுதான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவள் நம்பினாள். பாலிடெக்னிக்கில் வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்தபோது, பட்டறையில் முதல் வார்ப்பு உடைந்தபோது, யாரும் வாயைத் திறப்பதற்குள் அவளே தன்னை முழுதாக வைது முடித்திருப்பாள். மிச்சம் வைத்தால்தானே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் சில நாள் ஒப்படைப்பில் அவள் பேசியதே குறைவு. 'சரி', 'ம்', 'மாத்திக்கோ'. பிறகு, மனமில்லாமலேயே, ஒருநாள் 'போச்சாது' என்றாள். அப்புறம் வாணி தயங்கித் தயங்கி, அக்கா, இன்னொரு தப்பும் இருக்கு, அதையும் சொல்லிடட்டுமா என்று கேட்டது. நகலிகள் பின்னால் பிறந்தவை என்பதால் ஆளை அக்கா, அண்ணன் என்று கூப்பிடுவது வழக்கம். வாணி அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

அதன்பின் தவறுகள் முன்னதாகவே வந்து சேர்ந்தன. வாணி முன்பு மூன்று வழி யோசித்துப் பாதுகாப்பான ஒன்றை மட்டும் காட்டும். இப்போது மூன்றையும் காட்டியது. சில நேரம் கேலியும் செய்தது. கோகிலா வரைந்த ஒரு மூடியைப் பார்த்துவிட்டு, இது இட்லிக் குண்டானுக்கா அக்கா என்று கேட்டது. கோகிலா வாய்விட்டுச் சிரித்ததைப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பம்பு வார்ப்புக்குப் போவதற்கு முந்தைய வாரம் வாணி ஒன்றைச் சொன்னது.

"உறிஞ்சு உயரம் தப்புங்க்கா. காத்தழுத்தம் கோயமுத்தூர்ல இருக்கறத வெச்சுப் போட்டிருக்கோம். பனிமேடு மலை மேல இருக்குது."

கோகிலா கணக்கைத் திறந்து பார்த்தாள். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு. ஓடைநீரைப் பம்பு இருக்கும் உயரத்துக்குத் தள்ளி ஏற்றுவது அந்த அழுத்தம்தான். அது போதாவிட்டால் இம்பெல்லரின் முகப்பிலேயே நீரில் குமிழிகள் கிளம்பி, வெடித்து, இரும்பைப் பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். சில மாதத்தில் பம்பு நின்று, ஊர் குடத்தோடு பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கும். சமவெளிக்கே பம்பு செய்து பழகிய கைகள் செய்யும் தவறு அது. காற்றழுத்தத்துக்கு எந்த எண்ணைப் போடுவது என்று இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகவே போட்டுவிடும். அவள் கையும் போட்டது, வாணியின் கணக்கும் போட்டது.

"நல்லவேள சொன்ன. போச்சாது, எல்லாருக்கும் வர்றதுதான்," என்றாள் கோகிலா. "பம்ப ஓடைக்குப் பக்கமா இறக்கிடலாம். வா, பாக்கலாம்."

இறக்கினார்கள். வார்ப்பு தப்பியது. மழை தொடங்கும் முன் பனிமேட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது.

இறுதி விசாரணை பெனடிக்டின் அறையிலேயே நடந்தது. மேசைமேல் வாணியின் திரை. சோதனைக் காலத்தில் அவள் ஒப்படைப்பில் வாணியிடம் பேசியதை எல்லாம் கேட்டுப் பார்த்ததாகவும், நகலியைப் பார்த்து ஒரு கடுஞ்சொல்கூட இல்லை என்றும் பெனடிக்ட் சொன்னார். அவருக்கே மகிழ்ச்சியாக இருந்தது. முடிப்பதற்கு முன், சட்டம் கேட்கச் சொல்வதை வாணியிடம் கேட்டார். புகார் ஏதும் உண்டா?

"இருக்குதுங்க," என்றது வாணி.

என்ன சொன்னோம், எப்போது சொன்னோம் என்று கோகிலாவின் மனம் பின்னோக்கி ஓடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"என்னைய ஒண்ணும் சொல்றதில்லீங்க. ஆனா இன்னொருத்தர வஞ்சுட்டேதான் இருக்காங்க. தெனமும் ஒப்படைப்புல வருது, நான் கேக்கறேன். அந்த மலைக் கணக்கு தப்பானப்போ எங்கிட்டப் போச்சாதுன்னாங்க. கார்ல ஏறி உக்காந்ததும் அவங்ககிட்ட, 'நீயெல்லாம் ஒரு ஆளு, ஊரையே கொன்னிருப்ப'ன்னாங்க. ஒரே தப்புதானுங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணுனது. எனக்கு ஒரு பேச்சு, அவங்களுக்கு ஒரு பேச்சுங்களா?"

பெனடிக்டுக்கு ஒரு கணம் புரியவில்லை. யாரை என்று கேட்டார்.

"இங்க உக்காந்திருக்காங்களே, அவங்களத்தான்."

பெனடிக்ட் சட்டத்தைத் திறந்து பிரிவு பிரிவாகப் பார்த்தார். கோகிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு எந்தத் தீர்ப்பு வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அவர், பாதிக்கப்பட்டவர் நகலி அல்ல என்பதால் புகாரை ஏற்க முடியாது என்றார். ஒரு மனிதர் தன்னைத் தானே எப்படிப் பேசிக்கொண்டாலும் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சோதனைக் காலம் முடிந்தது. நாளையே தலைமைப் பொறுப்பை ஏற்கலாம்.

"சரிங்க," என்றது வாணி. "எனக்குப் புடிக்கலீன்னா மாத்தல் கேட்டுட்டுப் போயிடலாம். அவங்க எங்கீங்க போவாங்க?"

கோகிலா எழுந்திருக்கவில்லை. வாழ்த்துச் சொல்லக் கை நீட்டிய பெனடிக்ட், நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். காரில் அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை. மூச்சு விடுவதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் வேறொரு பெண்ணிடம் அப்படிச் சொல்லப்பட்டதாகக் கேட்டபோது, அந்தப் பெண்ணுக்காக முகம் சுட்டது.

"சட்டத்துல நகலின்னா என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்று கேட்டாள்.

அவர் படித்தார்: ஒரு மனிதரின் நினைவையும் பழக்கத்தையும் சுமந்துகொண்டு, அவர் பெயரில் வேலை செய்வது எதுவோ அது நகலி.

"இயந்திரமா இருக்கோணும்னு இல்லீங்களா?"

பெனடிக்ட் திரும்பவும் படித்தார். இல்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

"நேத்திருந்த கோகிலாவோட நெனப்பையும் பழக்கத்தையும் தானுங்க நான் இன்னைக்குச் சொமந்துட்டு வந்திருக்கேன். அவ பேர்லதான் வேலையும் பாக்கறேன். என்னையும் பதிஞ்சுக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பதிந்தால் இன்றே புதிய சோதனைக் காலம் தொடங்கும், முணுமுணுப்புக்கூடக் கணக்கில் வரும், அது முடியும்வரை தலைமைப் பொறுப்பு தள்ளிப்போகும், ஒருவேளை கைவிட்டும் போகலாம் என்று எச்சரித்தார். குரலில் அலுவலர்த்தனம் இல்லை. ஒரு நல்ல பெண் கிறுக்குத்தனம் செய்கிறாளே என்ற கவலைதான் இருந்தது. வெளியே போய்விட்டால் இதெல்லாம் மறந்துவிடும், மேடம் என்றார்.

"அதனாலதானுங்க இப்பவே கேக்கறேன்."

பெனடிக்ட் பதிவை ஆரம்பித்தார். பெயர், பிரிவு, பணி. பிறகு நிறுத்தினார்.

"பொறுப்பாளர்னு ஒருத்தர் பேர் வேணும், மேடம். உங்களை நல்லபடியா வச்சுக்க வேண்டியவர். ஏதாவதுன்னா நாங்க அவரைத்தான் கூப்பிட்டுக் கேப்போம். யாரைப் போட?"

கோகிலா பெற்றவர்களை நினைத்தாள், கணவனை நினைத்தாள், ஒவ்வொருவரும் தன்னிடம் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். எந்நேரமும் கூடவே இருப்பவள் ஒருத்திதான்.

"கோகிலவாணின்னே போடுங்க," என்றாள். "ஆளு மோசமில்லீங்க. சொன்னாக் கேட்டுக்குவாங்க."