கழுத்துப் பிணை

செவ்வாறு கடலோடு கலக்கும் இடத்தில், மேற்கே சரிந்த கதிரவன் கார்முகில்களின் விளிம்பைத் தொட, தாழை மடல்களின் நிழல்கள் நீண்டு நெடுங்கரைக் கோட்டையின் மதில்மேல் ஏறிக்கொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில், பெருவேழ நாட்டுச் சக்கரவர்த்தியின் முந்நூறு மரக்கலங்கள் நங்கூரமிட்டு நின்ற துறைமுகம் பிணம் எடுத்த வீடு போல் ஓசையற்றுக் கிடந்தது. முந்நூறு கலங்கள் இருந்தென்ன? ஒரு முழ நீள ஓலை அந்த நாட்டின் மானத்தைக் கடலில் கரைக்க வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது, வாசகர்களே. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சக்கரவர்த்தியின் முத்திரை பதித்த அந்த ஓலை துறைத் தலைவர் மருதவரையரின் கையில் இருந்தது. அருகில் நின்று அதை வாசித்தவள் அவருடைய ஒரே மகள் சேந்தநங்கை.

"நாகமணித் தீவிலிருந்து வந்து நம் விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கும் தூதன் சுதர்மனின் தலையை நாளை உதயத்தில் கொய்து அவன் அரசனுக்கு அனுப்புக. அஞ்சி அவர்கள் கடல்வாய்க் கோட்டையைத் திறந்து விடுவார்கள்."

இந்த இடத்தில் பெருவேழ நாட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேற்று நாட்டாருக்கு அபயம் அளிக்கும்போது சக்கரவர்த்தி தம் வலக்கையைச் சந்தனக் குழம்பில் தோய்த்து வெண்பட்டில் பதிப்பார். அந்தப் பட்டைக் கடல் கடந்து கொண்டுசெல்பவர், அந்நாட்டு அரசன் முன்னிலையில் அதைத் தம் கழுத்தில் ஒற்றி, "இந்தக் கை பொய்த்தாலும் இந்தக் கழுத்து பொய்க்காது" என்று சொல்லி, அவன் கையில் கொடுக்க வேண்டும். அரசரின் கை பொய்த்தால் பட்டைக் கொடுத்தவர் தம் தலையைக் கொடுக்க வேண்டும்; கழுத்துப் பிணை என்று இதற்குப் பெயர். ஏழு தலைமுறையாக எந்தச் சக்கரவர்த்தியின் கையும் பொய்க்காததால், அரண்மனையில் எல்லோரும் அதை வெறும் சடங்கு என்றே நினைத்துவிட்டார்கள். அங்கேதான் தவறினார்கள். சென்ற ஆண்டு நாகமணித் தீவுக்குப் பட்டைச் சுமந்து சென்று, அதைக் கழுத்தில் ஒற்றிக் கொடுத்தவள் சேந்தநங்கை. அந்தப் பட்டை நம்பித்தான் சுதர்மன் வந்திருந்தான். அவளையும் நம்பி வந்தான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். தீவின் நிலாமுற்றத்தில் இருவரும் பேசிய பேச்சுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள், அவ்வளவு தெரிந்தால் போதும்.

"அப்பா, சக்கரவர்த்தியை இப்படி எழுதத் தூண்டியவர் யார்?"

"சேனாபதியாராக இருக்கும். உலகம் நம் யானைப் படைக்கு அஞ்சித்தான் பணிகிறது, சந்தனம் பூசிய துணிக்காக அல்ல என்று சபையில் அடிக்கடி சொல்வார்."

"அஞ்சுகிறவன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், அப்பா. நம்புகிறவன்தான் துறைக்குள் வருவான். அந்தத் தீவில் நான் இறங்கியபோது நம்மிடம் எத்தனை யானை என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்தின ஆண்டு இங்கே புயலில் ஒதுங்கிய அவர்களுடைய மாலுமிகள் ஏன் பத்திரமாக ஊர் திரும்பினார்கள் என்று கேட்டார்கள். எங்கள் அரசரின் கை அப்படி என்று மார்தட்டிச் சொன்னேன்."

மருதவரையர் ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் அரசரின் உப்பைத் தின்றவன், அம்மா. உதயத்தில் காவலரோடு மாளிகைக்குப் போவேன். அதுவரை என் கண்ணில் படாதே."

சேந்தநங்கை நேரே படித்துறைக்குப் போய்த் தன் மூடுபடகில் ஏறினாள். விருந்தினர் மாளிகை ஆற்றின் மறுகரையில் இருந்தது. துறைத் தலைவரின் மகளைத் தடுக்கக் காவலர் யாருக்கும் துணிவில்லை.

செய்தியைக் கேட்ட சுதர்மன் கலங்கவில்லை. கச்சையை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"தேவி, நான் தூதன். திருடனைப் போல் ஓடுவது எனக்கு அழகா?"

"ஆற்று முகத்துக்கு அப்பால் உங்கள் கலத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். உங்கள் தலை விழுந்தால் அவர்களும் ஊர் திரும்ப மாட்டார்கள். என் மேலாடையைப் போர்த்துக்கொண்டு என் படகில் போய்விடுங்கள். நீங்கள் இங்கே இருப்பதாகக் காவலர் நினைக்கும்படி உங்கள் உடையில் நான் சாளரத்தருகே அமர்ந்திருக்கிறேன்."

"பிறகு உன் கதி?"

"துறைத் தலைவரின் மகளை யார் தொடுவார்கள்? நாலு நாள் திட்டுவார்கள். அடுத்த பருவக் காற்றில் வருவேன்."

பொய்தான். ஆனால் அவள்மேல் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் அது உங்கள் பாடு.

கீழே படகோட்டி மெல்லக் குரல் கொடுத்தான். "தாயி, தண்ணி கடலுக்கு இழுக்குது. இப்ப விட்டாத்தான் ஆச்சு, பொறவு எதிர்நீச்சல் போட முடியாது."

சுதர்மன் அவள் கைகளைப் பற்றித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். அவள் முகத்தில் எதையோ தேடினான். அவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் மேலாடையை அவன் தலைமேல் போர்த்து, படி இறக்கிவிட்டாள். படகு கண்ணுக்கு மறையும் வரை அழாமல் நின்றாள். பிறகு அழுதாள்.

கிழக்கு வெளுத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மருதவரையர் ஆறு காவலருடன் மாளிகைக்குள் வந்தபோது, தீவு நாட்டு நீலப் போர்வை போர்த்து, தலைப்பாகைத் துணியால் முகம் மறைத்த உருவம் ஒன்று சாளரத்தருகே அமர்ந்திருந்தது. எழுந்திருக்கச் சொன்னார், எழுந்தது. முகத்துணியை அவரே விலக்கினார்.

காவலரை வாயிலுக்கு அப்பால் போகச் சொன்னார்.

"பாவி மகளே, என்ன காரியம் செய்தாய்?"

"ஓலையில் ஒரு தலை கேட்டிருக்கிறார்கள். இதோ இருக்கிறது."

"தூதன் தப்பிவிட்டான் என்று எழுதிவிடுகிறேன். நீ தோட்டத்து வழியாகப் போய்விடு. உன்னை நான் பார்க்கவே இல்லை."

"அப்படி எழுதினால் பழி அவர் தலையில் விழும், அப்பா. குற்றம் செய்தவன் ஓடிவிட்டான் என்பார்கள். இன்று எல்லாத் துறைமுகத்திலும் நம் அரசரின் கைக்கு இருக்கும் மதிப்பு எதனால் வந்தது? சொன்னவர்கள் சொன்னபடி நின்றதால் வந்தது. அரசர் நிற்கவில்லை. நானும் தோட்டத்து வழியாகப் போய்விட்டால், நாளைக்கு இந்த நாட்டிலிருந்து போகிற எவன் சொல்லை யார் கேட்பார்கள்? நம் வணிகர்களை எந்த ஊரில் படியேற விடுவார்கள்?"

"நான் உன்னைப் பெற்றவன்."

"தெரியும், அப்பா. அதனால்தான் என் கையை வேறு யாரும் கட்ட வேண்டாம் என்கிறேன். என்னைச் சபைக்குக் கொண்டுபோங்கள். தூதனின் தலை கிடைக்கவில்லை, பிணை நின்றவள் வந்திருக்கிறாள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அயல்நாட்டு வணிகர்களும் அங்கே இருப்பார்கள். பிறகு சக்கரவர்த்தி எதைச் செய்கிறாரோ அதை அவர்கள் தங்கள் ஊரில் போய்ச் சொல்லட்டும்."

இரு கைகளையும் சேர்த்து நீட்டினாள். மருதவரையர் இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்தார். முடிச்சு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை கட்டி முடித்தார். எந்தக் கைதிக்கும் செய்வது போல, முடிச்சு இறுகிவிட்டதா என்று ஒரு தரம் இழுத்தும் பார்த்தார்.