எண்ணுக்குப் பக்கத்து எழுத்து

பீரோவிலிருந்து எடுத்த டெஸ்டரின் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. மெஷினில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் கருவி, எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அன்று மின்விடுமுறை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. யாரோ இப்போதுதான் கையிலிருந்து இறக்கி வைத்தது போன்ற சூடு. தமீம் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"இன்னா பாய், பேயறஞ்ச மாரி நிக்கற?" சூப்பர்வைசர் பாக்கியநாதன் வாசலில் நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஆடிட்டரு வர்றாரு. இதும் மூஞ்சி என் கண்ணு மாரி மங்கிக் கெடக்குது. நம்பரு தெரியிறாப்பல பண்ணிட்டு ஊட்டுக்குப் போ."

"சரி சார்."

"அப்பறம், உள்ள கீற பழைய ரீடிங் எல்லாம் அழிச்சிடு. பாத்துக்கினு ஒக்காராத."

"ஏன் சார்?"

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டார். "ஒனக்காகத்தான் சொல்றேன்."

பைக் சத்தம் கேட்டைத் தாண்டி, எளாவூர் பக்கம் போகும் லாரிகளின் இரைச்சலில் கலந்து மறைந்தது. அதன்பிறகு, மெஷின்கள் ஓடும் நாளில் காதில் விழாத சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன: வெயிலில் தகரக் கூரை நெளியும் சத்தம், பேக்கிங் பகுதியில் காற்றுக்குப் புரளும் பிளாஸ்டிக் தாள்களின் சலசலப்பு, எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டுச் சொட்டுவது. பாதி தூக்கிய ஷட்டர் வழியாக வந்த வெளிச்சம் மேஜையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பைகளின் வாயை ஒட்டும் சீலிங் மெஷின்கள் இருட்டில் வரிசையாக நின்றன. மூன்றாவதை அவன் பார்க்கவில்லை.

மூன்றாவது மெஷினில்தான் ஜபீன் வேலை பார்த்தாள். அவன் மனைவி. மார்ச் மாதம், அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவள், பெல்ட்டில் சிக்கிய பையை எடுக்கப் போய் மெஷினைத் தொட்டாள். கையை விடுவிக்க முடியவில்லை. விசாரணை அறிக்கை அரைப் பக்கம்தான். ஈரக்கையோடு தொட்டதே காரணம். மெஷினில் கசிவு இல்லை. அதற்குச் சான்று, அன்று காலை தமீம் சோதித்துக் கையெழுத்துப் போட்ட தாள். 82 மெகா ஓம்.

அவன் அதை நம்பினான். எட்டு மாதமாக அவள்மேல் கோபமாக இருந்தான். ஒரு துண்டில் கையைத் துடைத்திருக்கக் கூடாதா. அந்தக் கோபத்தில்தான் சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது.

ஆனால் மார்ச்சில் அன்று காலையே டெஸ்டரின் திரை மங்கியிருந்தது. எண் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்து தெரியவில்லை. 'எம்' என்றால் மெகா, மெஷின் நல்லது. 'கே' என்றால் கிலோ, கரண்ட் கசிகிறது. எப்போதும் எம்தான் வரும். எம் என்று எழுதினான்.

பின்பக்கம் நான்கு திருகுகள். சர்க்யூட் பலகையைத் தூக்கி, திரைக் கண்ணாடியை நகத்தால் நெம்பி எடுத்தான். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் தடிமனில் ஒரு ரப்பர் பட்டை. அதில் இருக்கும் நூல் போன்ற கோடுகள் வழியாகத்தான் எழுத்துகள் திரைக்கு ஏறும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தான். அந்த வாசனை ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு, வெள்ளைத்துணிக்கு வெளியே கிடந்த ஒரு கைக்கு அவனைக் கொண்டுபோனது. விரல் நுனிகள் கருத்திருந்தன. துடைப்பதை நிறுத்தவில்லை. பட்டையைப் பொருத்தி, கண்ணாடியை வைத்து, திருகுகளை முறுக்கினான். மொத்தம் பத்து நிமிட வேலை. மார்ச்சில் யாரும் அவனுக்கு அந்தப் பத்து நிமிடத்தைத் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.

பேட்டரியைப் போட்டதும் திரை அச்சடித்தது போல் கறுப்பாக எழுந்தது.

அழிக்கும் பொத்தான்மேல் விரல் நின்றது. பிறகு விரல் நகர்ந்து மெமரியைத் திறந்தது. மார்ச் 19. காலை 7.40. மூன்றாவது மெஷின்.

82.

பக்கத்தில், கே.

அவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. கோபத்தைத் தேடினான். அதுவும் இல்லை.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

திரை மாறியது. அவன் எதையும் தொடவில்லை. மெமரி மூடி, புதிய எண் வந்தது. 640 கே.

டெஸ்டரின் இரண்டு கம்பிகளும் மேஜைமேல் ரப்பர் விரிப்பில் ஒரு முழ இடைவெளியில் கிடந்தன. நுனிக் கிளிப்புகள் எதையும் கடித்திருக்கவில்லை. எதையும் பிடிக்காத கம்பிக்கு எண் வராது.

640 எதன் எண் என்று அவனுக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் விளையாட்டாக மீட்டரின் இரண்டு நுனிகளையும் ஆளுக்கு ஆள் விரலில் பிடித்துப் பார்ப்பார்கள். காய்ந்த கைக்கு வரும் எண். கை நனைய நனைய அது இறங்கும்.

410.

ஸ்பிரிட் வாசனை போய்விட்டது. ஈரத் துப்பட்டாவின் வாசனை.

150. எண் நிதானமாக இறங்கியது. மணிக்கட்டு, முழங்கை என்று தண்ணீர் ஏறும் வேகத்தில்.

40.

"ஜபீன்," என்றான். "துடைச்சிக்கோ."

12.

6.

2.

அங்கேயே நின்றது. ஈரக்கை. காத்திருக்கும் ஈரக்கை.

டக்கென்று ஒரு சத்தம். எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்கியது. கம்பிகளில் ஐந்நூறு வோல்ட் பாய்கிறது. சோதனைப் பொத்தானை யாராவது அழுத்தினால்தான் அது எரியும்.

குனிந்து பார்த்தான்.

பொத்தான்மேல் இருந்தது அவனுடைய கட்டைவிரல்.

எடுக்கப் பார்த்தான். வரவில்லை. இன்னும் அழுத்தியது.

ரப்பர் விரிப்பில் இரண்டு கிளிப்புகளும், ஒரு பெண்ணின் விரல் தடிமனுக்கு வாய் திறந்து, ஒன்றுமில்லாததைக் கடித்தபடி துடித்துக்கொண்டிருந்தன.