ஊசி பட்டா சொல்லுங்கம்மா

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்து, ஞானம்மா அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள் அது. வருஷம் 1964. புண் கட்டும் அறைக்குள் செருப்பு கூடாது என்றார்கள். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஃபினாயிலையும் மீறி அழுகல் வாடை அடித்தது.

கட்டிலில் கிளியம்மாள் படுத்திருந்தாள். வல்லக்கோட்டைக்காரி, நாற்று நடுகிறவள். சர்க்கரை வியாதி அவள் வலது பாதத்தை மரத்துப்போகச் செய்து, கட்டைவிரலடியில் ஆறாத புண்ணையும் வைத்திருந்தது. பாதத்தில் கொஞ்சமாவது உணர்ச்சி இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் நாளைக்கே கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சோதித்து எழுதத்தான் ஞானம்மாவை அனுப்பினார்கள்.

"காலு போச்சுன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது, நர்ஸம்மா."

கேட்கவே பாவமாக இருந்தது. ஞானம்மா அவள் கண்ணைத் துணியால் கட்டினாள்.

"ஊசி பட்டா சொல்லுங்கம்மா."

"தோ, தொட்டுட்டீங்க!"

ஞானம்மா இன்னும் ஊசியையே எடுக்கவில்லை.

பாவம், ஆசையில் உளறுகிறாள் என்று நினைத்தாள். ஊசியை எடுத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இப்போ?"

"கணுக்கால கெட்டியா புடிச்சிக்கினு கீறீங்க. ஏன் கை இப்படி சில்லுனு கீது?"

அறையில் வேறு யாரும் இல்லை.

கிளியம்மாளின் கணுக்காலில் ஐந்து குழிகள் விழுந்தன. மெல்ல அமுங்கின.

ஞானம்மாவின் கையிலிருந்த ஊசி நழுவி விழுந்தது. அவள் பின்வாங்கினாள்.

"விட்டுட்டாங்க," என்று கிசுகிசுத்தாள் கிளியம்மாள். "உங்க பக்கமா நொண்டிக்கினு போற சத்தம் கேக்குது. யாரும்மா அது?"

குழிகள் மறைந்துவிட்டன. ஞானம்மா வேறொரு ஊசியை எடுத்து கிளியம்மாளின் கால்விரலில் குத்தினாள். குதிகாலில் அழுத்திக் குத்தினாள்.

"இன்னும் ஆரம்பிக்கலியா, நர்ஸம்மா?"

அழுகை வந்துவிட்டது ஞானம்மாவுக்கு. மேஜைக்குப் போய், 'உணர்ச்சி இல்லை' என்று சீட்டில் எழுதினாள். வேறென்ன எழுதுவது?

திரும்பியபோது தரையைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து மேஜை வரை, ஓரடி விட்டு ஓரடி, ரத்தப் பொட்டுகள். கிளியம்மாளின் புண் கட்டு காய்ந்தே இருந்தது.

பொட்டுகள் ஞானம்மாவிடம் வந்து நின்றன.

வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். நழுவிய ஊசி உள்ளங்காலில் முழுசாக ஏறியிருந்தது.

வலிக்கவே இல்லை.

அவள் கணுக்காலைச் சுற்றி ஐந்து குழிகள் அமுங்கிக்கொண்டிருந்தன.